இருட்டில் இருபது நிமிடம்

கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில் வந்தது,
சாரதியின் காலடியில், ஐஸ் பெட்டிக்குள்.
விடிய ஐந்தரைக்கு ஆஸ்பத்திரி வீதியில் காத்து நின்று
குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினேன்.
மூன்று குப்பி. ஒன்றும் சுண்டுவிரல் உயரமில்லை.
விலையைப் பார்த்த கணக்காளர்
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இன்னொருதரம் பார்த்தார்.

பிறபொருளெதிரி என்று பாடப்புத்தகம் சொல்லும்.
எதிரி என்ற சொல் இதற்குப் பொருந்தாது.
எலியின் உடம்பு செய்த கவர்க்கொப்பு,
நுனிகளில் பிடி, அடியில் சாயம்.
ரீ கலத்தின் தோலில் தனக்குரிய இடம் கண்டால்
பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு வேலை தெரியாது.
மூன்றாம் குறிக்குப் பச்சை, நான்குக்குச் செம்மஞ்சள்,
எட்டுக்கு என் கண்ணுக்கு எட்டாத ஒரு சிவப்பு.
ஒளிரவென்றே செய்த பொருள்
வெளிச்சம் பட்டால் வெளிறிப்போகும்.
இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க?

ஊதா மூடி ரியூபில் ஒரு மில்லி இரத்தம்.
மெவின். ஐந்து மாதம். குருநகர்.
படிவத்தின் அடியில் டொக்டர் பிறேமலோஜினி
பேனையை அழுத்தி எழுதியிருந்தார்:
முதல் ஆண்பிள்ளையும் நான்காம் மாதத்தில்.
வினைச்சொல் இல்லை.

ஒப்பிடச் சுகதேகி ஒருவர் வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுகூடத்தில் நான் மட்டும்.
ரப்பர் பட்டியைப் பல்லால் இழுத்துக் கட்டி
என்னிலிருந்து நானே எடுத்தேன்.
பிள்ளைக்குச் சோடி நாற்பத்து மூன்று வயது.
சரியான முறை இல்லைத்தான்.

இரண்டு ரியூப். ஒரே அளவு, ஒரே சாயம்.
வெள்ளித் தாள் சுற்றி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.
பதினொராவது நிமிடத்தில் கரண்ட் போனது.

கதவுக்கு வெளியே வாங்கில் இருந்தவர் எழும்பும் சத்தம்.
யூஜின், பிள்ளையின் தகப்பன்.
"மிஸ், லைற் இல்லாட்டி ரத்தம் பழுதாகாதோ?"
"இல்லைத் தம்பி. அதுக்கு இருட்டுத்தான் வேணும்."
ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.
"சரி மிஸ்" என்றார், மெதுவாக.

ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது.
நீலக் கதிரின் முன்னால்
ஒன்றன்பின் ஒன்றாய்க் கலங்கள் வந்தன.
தோலில் ஒட்டியதைக் காட்டு, நகரு, அடுத்தது.
முகமாலையில் வரிசையில் நின்ற கால்கள்
இன்றும் என்னிடம்தான் இருக்கின்றன.
ஆனால் இது அதுவல்ல.
இங்கே யாரையும் மறித்து வைப்பதில்லை.

முதலில் இறந்தவற்றை விலக்க வேண்டும்.
இறந்த கலம் எந்தச் சாயத்தையும் ஏற்கும்.
பச்சை பூசினால் பச்சை, சிவப்பென்றால் சிவப்பு,
யார் வந்து பூசினாலும்
பிறந்த நாளிலிருந்து அந்த நிறம்போல் ஒளிரும்.
இதைப் படிக்கவா நான் பேராதனைக்குப் போனேன்.

என்னுடையது முதலில்.
திரையின் வலப்பக்கம்
விடியற்காலைச் சின்னக்கடைபோல நெரிசல்.
இத்தனை பேரையா சுமந்து திரிகிறேன்,
தடிமன் வந்தால் உலகத்தைத் திட்டிக்கொண்டு?

பிறகு மெவின்.
வலப்பக்கத்தில் பதினேழு புள்ளி.
ஒரு லட்சம் கலத்தில் பதினேழு.

சாயம் விட மறந்தேனா?
குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். குறைந்திருந்தது.
மிச்ச இரத்தத்தில் மறுபடி தொடங்கினேன்.
மறுபடி வெள்ளித் தாள், மறுபடி லாச்சி,
மறுபடி இருபது நிமிடம்.
மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க
கழுவிய ரியூப்களைத் திரும்பவும் கழுவினேன்.

பத்தொன்பது.

கதவைத் திறந்தேன்.
"துண்டு தருவியளோ மிஸ்?"
"டொக்டரிட்டப் போகும் தம்பி."
"நல்லதோ?"
"இன்னும் எண்ணி முடியேல்லை" என்றேன்.
எண்ணி முடிந்திருந்தது, இரண்டு தரம்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த
பஞ்சைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.
"உங்களிட்டயும் எடுத்தவையோ?
ஒரு வருத்தமும் இல்லைத்தானே, மிஸ்?"